உறை போட்ட கார்

அந்த வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கார் தாராளமாக நிற்கலாம். வீட்டில் யாரிடமும் கார் இல்லை என்பதால் அங்கே செத்துப்போன ஃப்ரிட்ஜுகள் நின்றன. கதவு போனவை, கதவு மட்டும் மிஞ்சியவை, முதுகை உரித்துக்கொண்டு கறுப்புக் குழாயைக் காட்டி நிற்பவை. பிணவறைக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜுகளுக்கே ஒரு பிணவறை எங்கள் தெருவில்தான் இருந்தது.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவற்றைக் குப்பை என்று சொன்னவருக்கு அந்த வீட்டில் டீ கிடைக்காது.

"குப்பையா? அத்தனையும் ஸ்பேர். ஆஸ்பத்திரில ரத்தம் சேத்து வைக்கறாங்கல்ல, அது மாதிரி" என்பார்.

அவர் மனைவி தையல்காரம்மா. தெருக்கோடியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலும் ஊரின் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் உள்ள நர்ஸுகளுக்குச் சட்டையும் கால்சட்டையும் தைப்பது அவர் வேலை. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின். காலையில் டீ கொதிக்கிற சத்தம் முடிந்ததும் மிஷின் சத்தம் தொடங்கும். மிஷின் நின்றால் எங்கள் வீட்டில்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்போம். ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் நூல் அறுந்திருக்கும்.

இந்த இருவருக்கும் ஒரு மகன், ஒரு மகள். மகள் கல்லூரியில் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தாள். மகன் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, சொந்தமாக ஓர் ஆப் செய்யப்போவதாகச் சொன்னான். அன்றிலிருந்து தெரு அவனை சி.இ.ஓ. என்று கூப்பிட்டது. நாங்கள் கேலிக்குத்தான் கூப்பிட்டோம். அவன் அதைப் பணி நியமனமாக எடுத்துக்கொண்டான்.

ஆப்புக்கான யோசனை ஜன்னல் வழியாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் காரை நிறுத்த இடம் இல்லாமல் எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதில் ஒரு சிவப்புக் கார் தினமும் வரும். வந்து, சுற்றி, போய், மறுபடி வரும்.

"பாவம், அந்த வண்டிக்கே தலை சுத்தப்போவுது" என்றார் தையல்காரம்மா, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே.

சி.இ.ஓ. டீ டம்ளரைக் கீழே வைத்தான். தெருவில் பாதி வீட்டு மதிலுக்குள் இடம் சும்மா கிடக்கிறது, வெளியே கார்கள் கிறுகிறுத்து அலைகின்றன. நடுவில் ஒரு ஃபோன் இருந்தால் போதும். இடம் இருப்பவர் ஆப்பில் போடுவார், கார் இருப்பவர் ஆப்பில் எடுப்பார். அவன் அதற்கு 'ஓரங்கட்டு' என்று பெயரும் வைத்துவிட்டான்.

மெக்கானிக் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு. ஆனா உன்னை யாரும் ஓரங்கட்டாம இருக்கணுமே. சித்தப்பா டைல்ஸ் கடைல ஒரு சேர் காலியா வச்சிருக்கான், உனக்காக. மேல ஃபேன் இருக்கு. உக்காந்து பில் போடற வேலை."

"எனக்கு ஃபேன் வேணாம்பா."

"ஃபேன் வேணாம்னு சொன்னவன மொதத்தடவையா பாக்கறேன். சரி, ஒரு பந்தயம். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு வெளியாள், தானா உன் ஆப்பப் பாத்து, தானா வந்து ஒரு வண்டிய நிறுத்தணும். உன் கூட்டாளி கூடாது. உன் கூட்டாளியோட மச்சான் கூடாது. முகம் தெரியாத ஆளா இருக்கணும். நிறுத்திட்டான்னா நீ உன் வழில போ, நான் வாயத் திறக்கமாட்டேன். இல்லன்னா ஃபேனுக்குக் கீழ போய் உக்காரு."

மகன் ஒப்புக்கொண்டான். டைல்ஸ் கடைக்குச் சொல்லியனுப்பப்பட்டது. சித்தப்பா நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

*

ஆப்பின் வடிவமைப்பு ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. தங்கை தாளில் கட்டம் கட்டமாகப் போன் திரை வரைவாள். அண்ணன் ரொட்டியைக் கையில் பிடித்தபடி, "இந்தப் பட்டன் இன்னும் பெருசா" என்பான். அம்மா சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார். தையல்காரம்மா அவ்வளவு கேள்வி கேட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"வர்றவங்க பேரு கட்டாயம் குடுக்கணுமா?"

"குடுத்தா நல்லதும்மா."

"எதுக்கு? நிறுத்தப்போறது காரு. பேரா வந்து கேட்டுக்குள்ள நிக்கப்போவுது?"

"யாரு என்னன்னு தெரியணும்ல."

"தனியா வர்ற பொம்பள யோசிப்பாடா. பேரு, ஃபோன் நம்பரு எல்லாம் உன் கைல குடுத்துட்டு நாளைக்கு நீ அவளுக்கு குட் மார்னிங் அனுப்பினா?"

"நான் ஏம்மா அனுப்பறேன்?"

"நீ அனுப்பமாட்ட. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா?"

தங்கை அம்மா பக்கம் சேர்ந்தாள். பெயர் கட்டாயம் இல்லை என்று ஆனது. சி.இ.ஓ. எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. ஃபோன் நம்பரையும் தானே பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டான். ஆப்பின் முகப்பில், 'உங்கள் விவரம் எங்களுக்கே தெரியாது' என்று போட்டான். இதைப் பெருமையாகப் போட்ட முதல் கம்பெனி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அவசரத்துக்கு வண்டிக்காரரைக் கூப்பிடத்தான் வேண்டும். அதற்கு ஒரு பட்டன்: 'கூப்பிடு'. இடத்துக்காரர் அழுத்தினால் வண்டிக்காரர் ஃபோனில் ஒரு சத்தம் வரும். சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, அழுத்துவதற்கு முன் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: 'அவசரம்', 'வழி மறிக்கிறது', 'மற்றவை'.

சத்தத்துக்குத் தங்கை ஊரெல்லாம் தேடினாள். எல்லா ஹாரனும் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய ஹாரன் போலவே இருந்தது.

"அப்பா, நீங்க வாயால ஹாரன் அடிங்களேன்."

"எனக்கு வேற வேலை இல்லயா?"

"சின்ன வயசுல எங்களத் தோள்ல தூக்கிகிட்டு அடிப்பீங்களே. அது."

மெக்கானிக் ஃபோனை முறைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "பாம்... பாம்ம்" என்றார். இரண்டாவது பாமில் சளி கொஞ்சம் கட்டியிருந்தது. தங்கை அதையே வைத்துக்கொண்டாள். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும், தான் சிரிக்கவில்லை என்பதுபோலச் சிரித்தார்.

அடுத்து இடம் காலியாக வேண்டும். முதல் இடம் சொந்த வீட்டிலேயே இல்லாவிட்டால் ஊரை எப்படிக் கேட்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் ஃப்ரிட்ஜுகளை அகற்றத் தொடங்கினார்கள். தள்ளுகிற பக்கம் நாங்களும் கை கொடுத்தோம். ஒவ்வொரு ஃப்ரிட்ஜும் நகரும்போது மெக்கானிக் அதற்கு இரங்கல் சொன்னார்.

"இது டாக்டர் வீட்டுது. ராஜா மாதிரி ஓடிச்சு. எலி குழாயக் கடிச்சிருச்சு... இது பேக்கரிக்காரன்து. கதவ அறைஞ்சு அறைஞ்சே கொன்னுட்டான்."

பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றும்போது மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசி மூலையில், தகரக் கூரைக்கு அடியில் இருந்ததை மட்டும் தொடவிடவில்லை. அங்கே இரண்டு ஃப்ரிட்ஜும், இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பெரிய கம்ப்ரஸர் ஒன்றும் இருந்தன.

"அது கடை ஃப்ரீஸர்ல போடறது. உயிரோட இருக்கு. அது மேல கை வச்சா நான் வீட்ட விட்டுப் போயிருவேன்."

தையல்காரம்மா துடைப்பத்தோடு வந்து, பல வருடம் வெளிச்சம் காணாத தரையைக் கழுவினார். பிறகு கேட்டருகே போய் நின்று, தூணையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தூணுக்கு வெள்ளை அடிச்சிருங்க. பின்னாடி வரும்போது கண்ணாடில தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் மெக்கானிக்.

"தெருவுல வர்றவன் போறவன் இடிக்கறதப் பாக்கறேன்ல. கண்ணு எதுக்கு இருக்கு?"

முன்பு ஒரு முறை தையல்காரம்மா ஸ்கூட்டர் பழகலாமா என்று கேட்டதும், "உனக்குக் கால் எட்டாதும்மா" என்று அவர் ஒரே வாக்கியத்தில் அதை முடித்து வைத்ததும் தெருவுக்குத் தெரியும். அதன்பிறகு அந்த அம்மா எதையும் ஓட்டவேண்டும் என்று சொன்னதில்லை. தைத்த துணி மூட்டைகளை ஏற்றிப்போக ஒரு வாடகை வண்டிக்காரன் இருந்தான். அவன் வரும்போது வருவான், ஏற்றுவான், சில நாள் மழையில் நனைப்பான்.

தூணுக்கு வெள்ளை அடிக்கப்பட்டது.

*

வெளியீட்டு விழா முன்னறையில் நடந்தது. தங்கை ஒரு பட்டனை அழுத்தினாள்.

"அவ்ளோதானா?" என்றார் மெக்கானிக்.

"அவ்ளோதான்பா. உலகம் பூரா இப்ப பாக்கலாம்."

"நான் ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் குடுத்தா உள்ள ஒரு லைட்டாவது எரியும்."

உலகம் பார்க்கவில்லை. சி.இ.ஓ. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தான். வாங்கியவர்கள் முதலில் அதில் விசிறிக்கொண்டார்கள். ஒருவர் நாயை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். ஒருவர் குடும்பத்தோடு தங்கலாமா என்று கேட்டார். எதிர்வீட்டு பேங்க் மாமா மட்டும் மனமிரங்கித் தன் வீட்டு முன் இடத்தையும் ஆப்பில் போட்டார். அவர் ரிட்டயர் ஆகும்வரை கடன் பிரிவில் இருந்தவர். அவர் போட்ட நிபந்தனைகள்: எட்டு மணிக்கு முன் வரக் கூடாது, கதவைச் சாத்தும்போது சத்தம் வரக் கூடாது, எண்ணெய் சொட்டக் கூடாது, செடியைப் பார்க்கலாம், தொடக் கூடாது. மூச்சு விடுவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

சிவப்புக் கார் தன் வழக்கப்படி சுற்றியது. சித்தப்பா ஃபோன் செய்து, நாற்காலிக்குப் புதிதாக ஒரு மெத்தை போட்டிருப்பதாகச் சொன்னார். மெக்கானிக் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமலேயே ஒருவரால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை நாங்கள் அந்த நாட்களில் கற்றுக்கொண்டோம்.

பிறகு ஒரு மதியம், சி.இ.ஓ. ஆஸ்பத்திரி வாசலில் வியர்த்து நின்றபோது அவன் ஃபோனில் செய்தி வந்தது: உங்கள் இடம் எடுக்கப்பட்டது, மாதக் கடைசி வரைக்கும், பணம் வந்துவிட்டது. மீதி நோட்டீஸைக் காற்றில் விட்டுவிட்டு ஓடி வந்தான். அதற்குள் கார் நின்றுகொண்டிருந்தது.

பக்கவாட்டு இடத்தில், சரியாக நடுவில், தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறத் துணி உறை போட்டுக்கொண்டு நின்றது. நம்பர் பலகை தெரியவில்லை. நிறம் தெரியவில்லை. சக்கரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, போர்வைக்கு வெளியே நீட்டிய பாதம்போல. ஆள் இல்லை. வீட்டிலும் ஆள் இல்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார், தங்கை கல்லூரிக்கு. சற்று நேரம் கழித்துத் தையல்காரம்மா நூல் பையோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார்.

"அம்மா, வந்தது யாரு? பாத்தியா?"

"நான் நூல் வாங்கப் போயிட்டேனே."

"கேட்ட யாரு திறந்து விட்டது?"

"நீதானடா ஆப்புல போட்டிருக்க, கேட் பூட்ட மாட்டோம்னு."

வாடிக்கையாளர் பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஃபோன் நம்பர் இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. அடுத்தவன் பார்க்கக் கூடாது என்று போட்ட பூட்டுக்கு இவனிடமே சாவி இல்லை.

சாயங்காலம் தெருவே கேட்டருகில் நின்றது. மெக்கானிக் வேலைப் பையை இறக்கி வைக்காமல் காரைச் சுற்றி வந்தார்.

"திறந்து பாத்தாத்தான் என்ன?" என்றார் பேங்க் மாமா.

"வாடிக்கையாளர் பொருளைத் தொடமாட்டோம்னு எழுதியிருக்கோம் மாமா."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வைக்கறது தப்பு தம்பி. எங்க பேங்க்ல ஒருத்தன் லாக்கர்ல..."

"தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது" என்றார் தையல்காரம்மா. "வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மெக்கானிக் உறையை மட்டும் தொட்டார். உறை பொருளில் சேராது என்பது அவர் கட்சி. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். இரட்டைத் தையல். மூலையில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க எலாஸ்டிக். பக்கக் கண்ணாடிக்குத் தனியாகக் காதுபோல இரண்டு பை.

"யாரோ நல்ல டெய்லர்கிட்ட குடுத்திருக்கான். ஒரு நூல் பிசிறு இல்ல. இந்தா, வந்து பாரேன்."

தையல்காரம்மா வந்து பார்த்தார்.

"பரவால்ல. தைச்ச கை சுத்தம்" என்றுவிட்டு உள்ளே போனார்.

*

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. சில நாள் மதியம் கார் அங்கே இருக்காது. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பும்போது, எங்குமே போகாததுபோல உறையோடு நிற்கும். மெக்கானிக் உறைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"சூடா இருக்கு. இப்பத்தான் வந்திருக்கு."

காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும்.

மதியத்தில் எங்கள் தெருவில் விழித்திருப்பவர் பேங்க் மாமா ஒருவர்தான். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அவருடைய குறட்டை மதில் தாண்டி வந்தது. ஒருநாள் மட்டும் பாதித் தூக்கத்தில் காரின் பின்பக்கம் போவதைப் பார்த்தாராம்.

"நீலக் கலரு. ஓட்டினவன் குள்ளம். தலையே தெரியல."

"தலையில்லாத ஆளா மாமா?" என்றாள் தங்கை.

"கடத்தல்காரன்தான் அப்படிக் குனிஞ்சு ஓட்டுவான்."

"ஏன், புள்ளகுட்டிக்காரங்களா இருக்கக் கூடாதா?" என்றது ஜன்னல் பக்கத்து மிஷின் குரல். "எப்ப பாத்தாலும் திருடன், கடத்தல்காரன். நல்லவங்க யாரும் கார் வாங்கறதில்லயா?"

தங்கை அண்ணனைக் குடைந்தாள்.

"கூப்பிடு பட்டன அழுத்தேன். ஆள் வந்துரும்ல."

"என்ன காரணம் போடறது? 'நீங்க யாருன்னு பாக்கணும்'னு ஒரு காரணம் இல்லயே. இருக்கறதே ஒரு வாடிக்கையாளர். சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணினா எடுத்துட்டுப் போயிருவாரு."

"'மற்றவை'ன்னு போடு."

"அது ஏமாத்து வேலை."

மாதக் கடைசி நெருங்கியபோது அவன் அப்பா முன்னால் போய் நின்றான். கார் வந்துவிட்டது, பந்தயம் முடிந்தது என்றான்.

"காரு வந்திருச்சு. ஆளு எங்க?"

"ஆள் இல்லாம கார் எப்படிப்பா வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். முகம் தெரியாத ஆளுன்னுதான் சொன்னேன், முகமே இல்லாத ஆளுன்னா சொன்னேன்? உன் கூட்டாளி எவனோ மதியானம் மதியானம் வந்து நாடகம் ஆடறான். குள்ளமா எவன்டா இருக்கான் உன் செட்டுல?"

"சத்தியமா இல்லப்பா."

"ஆளக் காட்டு. நானே சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்றேன்."

மிஷின் சத்தம் நின்றது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. நூல்தான் அறுந்திருக்கும் என்று நினைத்தோம்.

*

மாதத்தின் கடைசி நாள் காலையிலிருந்தே மழை. சித்தப்பா குடையோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார். சி.இ.ஓ.வின் சட்டைகள் ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன; கடை பக்கத்து ஊரில் இருந்தது. தையல்காரம்மா அன்று மாலைக்குள் தரவேண்டிய நர்ஸ் சட்டைகளை மலைபோலக் குவித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். அவன் அதைத் தட்டில் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"டைல்ஸும் ஒருவகைல இடம் சம்பந்தப்பட்டதுதான்டா" என்று சித்தப்பா ஆறுதல் சொன்னார்.

அப்போது மெக்கானிக்கின் ஃபோன் அடித்தது. ஐஸ்க்ரீம் கடைக்காரர். அவர் பேசுவது முன்னறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, பெரிய ஃப்ரீஸர் நின்னுபோச்சு. நாளைக்கு ஒரு விசேஷத்துக்கு மொத்தமா ஆர்டர் எடுத்திருக்கேன். எல்லாம் உள்ள இருக்கு. உருக ஆரம்பிச்சா நான் ஸ்பூனத் தூக்கிகிட்டு நடுரோட்டுல நிக்கணும்."

"என்ன சத்தம் வந்துச்சு நிக்கறதுக்கு முன்னாடி?"

"கடக்குன்னு ஒண்ணு."

"கம்ப்ரஸர் போச்சு. கதவத் திறக்காத. எங்கிட்ட ஒண்ணு உயிரோட இருக்கு, கொண்டுவரேன்."

பெருமையோடு எழுந்து பக்கவாட்டுக்குப் போனார். போன வேகத்தில் நின்றார். உயிரோடு இருந்த கம்ப்ரஸர் தகரக் கூரைக்கு அடியில் இருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவே, மழையில் நனைந்த உறையோடு, கார் நின்றது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகலாம். இரண்டு பேர் சேர்ந்து கம்ப்ரஸரோடு திரும்ப வர முடியாது.

"இத எடுக்கச் சொல்லுடா" என்றார். முதன்முறையாக மகனிடம் கெஞ்சுகிற குரல் வந்தது.

"இப்ப 'வழி மறிக்கிறது'ன்னு போடலாம்ண்ணா, நெசமாவே மறிக்குது" என்றாள் தங்கை.

சி.இ.ஓ. ஃபோனை எடுத்தான். காரணத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினான்.

"பாம்... பாம்ம்."

மெக்கானிக் திடுக்கிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் பேசவில்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சி.இ.ஓ. மறுபடி அழுத்தினான். முன்னறையில், நர்ஸ் சட்டைக் குவியலுக்கு அடியில், சளி கட்டிய குரலில் மெக்கானிக் மறுபடி ஹாரன் அடித்தார். சித்தப்பா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முடிச்சுப் போட்டார். சட்டையை மடித்து வைத்தார். நூல் சுற்றி வைக்கும் பாபின் டப்பாவைத் திறந்து அதிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"இருங்க, எடுக்கறேன்" என்றார்.

வெளியே வந்து உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க மகளைக் கூப்பிட்டார். இருவரும் படுக்கை விரிப்பை மடிப்பதுபோல அதை உதறி, தண்ணீர் வடித்து, நான்காக மடித்தார்கள். உள்ளே நீல நிறத்தில் சின்னக் கார். பழையதுதான். ஊர் மாறிப்போன ஒரு நர்ஸம்மாவிடம் வாங்கியது என்று பிற்பாடு தெரிந்தது. ஓட்டுநர் சீட்டில் தைத்துப் போட்ட மெத்தை ஒன்று தடிமனாக இருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்து காரைப் பின்னால் எடுத்தார். மெக்கானிக் மழையில் ஓடிப்போய்ப் பின்னால் நின்று, "ஒடி, ஒடி, இந்தப் பக்கம், தூணு, தூணு" என்று கையை வீசினார். கண்ணாடி மேலே ஏறி மூடிக்கொண்டது. வெள்ளைத் தூணை ஒரு விரல் அளவு தள்ளி விட்டுவிட்டு, கார் தெருவுக்கு வந்து நேராக நின்றது. எதிர் வராந்தாவில் பேங்க் மாமா எழுந்து நின்றிருந்தார்.

"தலை இருக்கு" என்றார்.

அப்பாவும் மகனும் கம்ப்ரஸரைத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தார்கள். வைத்த பிறகும் மெக்கானிக் டிக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மழை அவர் தலையில் பெய்தது.

"எப்ப ஓட்டக் கத்துகிட்ட?"

"நூல் வாங்கப் போகும்போது."

"எவ்ளோ நூலும்மா வாங்கியிருக்க நீ" என்றாள் மகள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மெக்கானிக் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"கால் எட்டாதுன்னு சொல்லியிருப்பேன்."

"எட்டலதான். அதான் மெத்தை தைச்சுப் போட்டுகிட்டேன். மூட்டையத் தூக்கிகிட்டு எத்தன நாள் அந்த வண்டிக்காரன் வருவானா வருவானான்னு நிக்கறது? வண்டி வாங்கிட்டேன், வைக்க இடமில்ல. ஊரெல்லாம் தேடினேன். கடைசில பாத்தா, நல்ல இடமா, நம்ம வீட்டுலயே ஒண்ணு வாடகைக்கு இருக்கு."

சி.இ.ஓ. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் வாடிக்கையாளரைக் கண்டுபிடித்த சந்தோஷமும், அது அம்மா என்ற துக்கமும் அவன் முகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சித்தப்பா குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் வியாபாரி; பந்தயத்தின் வாசகத்தை மறக்கவில்லை.

"அண்ணே, அப்ப இது கணக்குல வராதே. வெளியாள்னுல்ல பேச்சு? அண்ணி எப்படி வெளியாளு?"

காரின் கண்ணாடி இறங்கியது.

"வெளியாள்னா யாருங்க?" என்று தையல்காரம்மா கணவரைக் கேட்டார்.

"முகம் தெரியாத ஆளு."

"நான் கார் ஓட்டுவேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"லைசன்ஸ் எடுத்தது?"

"தெரியாது."

"அந்த உறைய இத்தன நாளா தடவித் தடவிப் பாத்தீங்க. ஊரக் கூப்பிட்டுக் காட்டினீங்க. யாரு தைச்சதுன்னு தெரிஞ்சுதா? நீங்க போட்டிருக்கற சட்டையும் அதே தையல்தான்."

மெக்கானிக் தன் சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். இரட்டைத் தையல். ஒரு பிசிறு இல்லை. வைப்பர் கண்ணாடிமேல் போய்ப் போய் வந்தது.

"தெரியல" என்றார்.

"அப்ப?"

அவர் சுற்றிவந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். பிறகு தலையை வெளியே நீட்டித் தம்பியைப் பார்த்தார்.

"அந்தச் சேர்ல வேற யாரையாவது உக்கார வைடா. இவனுக்கு ஆள் வந்திருச்சு."

*

கடை வாசலில் இறங்கும்போது மெக்கானிக், "கிளட்ச மெதுவா விடணும்" என்றதாகவும், அதற்கு அந்த அம்மா, "வீட்டுக்கு நடந்து வர்றீங்களா?" என்று கேட்டதாகவும் ஐஸ்க்ரீம் கடைக்காரர் சொன்னார். ஃப்ரீஸர் பிழைத்தது. மழை விடுவதற்கு முன்பே நர்ஸ் சட்டைகளும் நனையாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தன.

மாதம் முடிந்ததால் ஆப், வாடிக்கையாளரிடம் இடம் எப்படி என்று கேட்டது. தங்கை அதைச் சத்தமாகப் படித்தாள்: 'இடம் விசாலம். நிழல் உண்டு. தூணுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் பின்னால் நின்று கத்துவார், கண்டுகொள்ள வேண்டாம்.' நான்கு நட்சத்திரம்.

"அஞ்சாவது எங்க?" என்றார் மெக்கானிக்.

"மூலைல இன்னும் ரெண்டு ஃப்ரிட்ஜ் நிக்குது" என்றது மிஷின் பக்கத்துக் குரல்.

மறுநாள் இரும்புக்காரர் வந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் சிவப்புக் கார் சுற்றிக்கொண்டே வந்து, பேங்க் மாமா வீட்டு முன் நின்றது. ஓட்டிவந்தவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கி, "இங்க வீட்டுக்காரர் கத்தமாட்டாருல்ல?" என்று கேட்டார். மாமா கத்தவில்லை. செடியை மட்டும் உள்ளே எடுத்துவைத்தார். சி.இ.ஓ. வந்தவரைப் பார்த்த பார்வையில் மனிதர் கொஞ்சம் பயந்துபோனார்.

ஒரு சாயங்காலம் நாங்கள் மதிலருகே நின்றிருந்தோம். மெக்கானிக் பக்கவாட்டில் கார் அருகே தனியாக நின்று, மகனுடைய ஃபோனை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாம்... பாம்ம்."

மிஷின் நின்றது. ஜன்னலில் தையல்காரம்மா தெரிந்தார், வாயில் குண்டூசியோடு. அதை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"என்ன, வண்டிய எடுக்கணுமா?"

"ஆமா."

"எங்க போகணும்?"

"எங்கயாவது. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

"காரணம் போடாம கூப்பிட முடியாதே. என்ன போட்டீங்க?"

"மத்தவை" என்றார் மெக்கானிக்.

பாபின் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.